அஞ்சடியில் ஒரு வாய்ச் சோறு

பினாங்கில் ஒருவரையொருவர் கண்டால் சௌக்கியமா என்று கேட்பதில்லை. சாப்பிட்டாயிற்றா என்றுதான் கேட்கிறார்கள். "சுடா மாக்கான்?" என்பான் காலையில் ரிக்ஷாக்காரன். கறிகாய் விற்கும் சீனத்தியும் அதையே கேட்பாள், முன்பின் தெரியாத மலாய்க்காரரும் அதையே கேட்பார். பதிலை எதிர்பார்த்துக் கேட்பதல்ல, ஊரில் நாம் "என்ன, இப்படி?" என்று வழியில் கேட்டுவிட்டுப் போவோமே, அந்த மாதிரி. வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. ஊரே என் வயிற்றின்மேல் இத்தனை அக்கறையாக இருக்கிறதே என்று நெகிழ்ந்து, நின்று நிதானமாக, என்ன சாப்பிட்டேன், அதில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்பது வரைக்கும் எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் விவரித்துக்கொண்டிருந்தேன். கேட்டவர்கள் மெல்ல நழுவினார்கள். பிறகு என் மனைவி ஆரோக்கியமும் மகள் லூர்தும் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்து சேர்ந்தார்கள். அன்றுமுதல் அந்தக் கேள்வி காதில் விழுந்தாலே நான் நடையை எட்டிப் போட்டேன். என் வீட்டில் கேட்கவே கூடாத கேள்வி அது ஒன்றுதான்.

லூர்துக்கு இரண்டரை வயது. அவள் தாய் வயிற்றில் இருக்கும்போது நான் கப்பலேறியவன். ஆகவே நானும் அவளும் முதன்முதலில் சந்தித்துக்கொண்டதே இந்த ஊர்த் துறைமுகத்தில்தான். "அப்பாவக் கும்பிடுடி" என்று தாய் சொல்ல, அவள் என் பக்கத்தில் மூட்டையோடு நின்ற கூலியாளைக் கும்பிட்டாள். அவன்தான் பார்க்க அப்பா மாதிரி இருந்தானோ என்னவோ. அது போகட்டும். வந்த சில நாளிலேயே பெண் சோற்றை நிறுத்திவிட்டாள். பருப்பும் நெய்யும் பிசைந்தால் வாயை இறுக மூடிக்கொள்வாள். மூக்கைப் பிடித்தால் மூச்சுக்காகத் திறப்பாள். உள்ளே போன கவளம் விழுங்கப்படாது. அதைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். காலையில் வைத்த கவளம் மாலையில் நான் வேலையிலிருந்து திரும்பும்போதும் அதே கன்னத்தில் இருந்ததைக் கண்டிருக்கிறேன். நானோ பீச் ஸ்ட்ரீட்டில் ஓர் அரிசிக் கம்பெனியில் கிராணி, ஊர்ப் பேச்சில் குமாஸ்தா. ரங்கூன் அரிசியை மலைமலையாக இறக்கிப் பாதி மலாயாவுக்கு அனுப்பி வைக்கிற உத்தியோகம். ஒரு பிடி அரிசியை என் வீட்டுக்குள் ஒரு சாண் தூரம் அனுப்ப எனக்கு வகை தெரியவில்லை.

என்னென்னவோ செய்து பார்த்தேன். யானையானேன், குதிரையானேன். தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு எங்கள் துரை நடப்பதுபோல் நடந்து காட்டினேன். லூர்து எல்லாவற்றையும் உற்றுப் பார்ப்பாள், சிரிக்கக்கூட மாட்டாள், வாய் மட்டும் திறக்காது. ஒருநாள் நான் குரங்காக இருந்த சமயம், கன்னத்தில் இருந்ததையெல்லாம் என் வெள்ளைக் கோட்டின்மேல் துப்பி, கையாலும் தேய்த்துவிட்டாள். மாற்றுக் கோட்டு ஈரமாக இருந்ததால் மஞ்சள் கையடையாளத்தோடு அப்படியே ஆபீசுக்குப் போனேன். துரை அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு மரியாதையாக, "இன்று உங்கள் பண்டிகையா?" என்று கேட்டார். "ஆமாம் ஐயா, தினமும்" என்றேன். அவர் தலையசைத்து, வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. குழந்தையின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது. தூக்கினால் கனமில்லை. டிஸ்பென்சரி டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்து, நோய் ஒன்றுமில்லை, சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றார். அது எங்களுக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆரோக்கியம் அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்று மாலை குழந்தையின் சட்டையை மடித்துக்கொண்டே, "அடுத்த கப்பல்ல நாங்க போறோம். புள்ள அங்க தின்னுச்சு, இங்க தின்னல. இதுல யோசிக்க என்னங்க இருக்கு?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். உண்மையிலேயே ஒன்றும் இல்லை. அவர்கள் போனால் நான் கூடப் போக முடியாது. திரும்பி வரவழைக்க இன்னும் எத்தனை வருஷமோ. லூர்து அப்போதுதான் என்னை அப்பா என்று கூப்பிடப் பழகியிருந்தாள், அதுவும் பசியில்லாத நேரத்தில் மட்டும்.

ஊரில் அவள் தின்றது மெய்தான். ஆரோக்கியத்தின் அண்ணன்மார் மூவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அண்ணி ஒரு பெரிய சட்டியில் சோற்றைப் பிசைந்துகொண்டு நடுவில் உட்கார்ந்தால், பிள்ளைகள் எல்லாம் சுற்றி உட்காரும். உருண்டை வரிசையாகப் போகும். ஒரு வாய் மூடியிருந்தால் பக்கத்து வாய் அதைப் பறித்துக்கொள்ளும். கண்பட்டுவிடும் என்று வாசல் கதவைச் சாத்திவிட்டுத்தான் அங்கேயும் ஊட்டுவார்கள். பிள்ளை தின்பதைப் பிறத்தியார் பார்க்கக் கூடாது என்பது கோவிலுக்குப் போகிறவர்களுக்கும் எங்களைப் போல் மாதா கோவிலுக்குப் போகிறவர்களுக்கும் பொதுவான வேதம்.

இங்கே நாங்கள் இருந்த வீட்டையும் சொல்லவேண்டும். சூலியா தெருவை ஒட்டிய சந்தில், மாடிவீடு ஒன்றின் கீழ்ப்பகுதி. கதவைத் திறந்தால் நேரே அஞ்சடி. கடைகளுக்கும் வீடுகளுக்கும் முன்னால் கூரைபோட்டு ஓடுகிற நடைபாதைக்கு இங்கே அப்படிப் பெயர். ஊர் ஜனம் முழுக்க அதன் வழியாகத்தான் போகும், வரும். அங்கேயே தைக்கும், முடிவெட்டும், தின்னும், தூங்கும். குழந்தையின் தட்டுக்கும் போகிறவர் கண்ணுக்கும் ஒரு கை தூரம்தான். ஆரோக்கியம் முதல் நாளே நடுங்கிப்போனாள். சாப்பாட்டு வேளை வந்தால் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்துவாள். நடுப்பகலில் விளக்கேற்றி, அந்தப் புழுக்கத்தில், நாங்கள் இருவரும் குழந்தைக்கு முன்னால் உட்காருவோம். விசாரணை மாதிரி இருக்கும்.

அழுகை மட்டும் கதவிடுக்கு வழியாகத் தப்பித்துப் போகும். ஒருநாள் பக்கத்து வீட்டு நோன்யா வந்து கதவைத் தட்டினாள். பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற, மலாய் பேசுகிற சீனக் கிழவி. அந்த வகைப் பெண்களை இங்கே நோன்யா என்பார்கள். "பசால் அப்பா மெனாங்கிஸ்?" ஏன் அழுகிறது என்று கேட்டாள். அடிக்கிறோம் என்று நினைத்துவிட்டாள். அவள் முகத்திலேயே அது தெரிந்தது. கண்ணேறு என்பதை மலாயில் எப்படிச் சொல்வது? என் கண்ணைக் காட்டினேன், அவள் கண்ணைக் காட்டினேன், குழந்தையைக் காட்டினேன், கதவைக் காட்டினேன், பயந்ததுபோல் நடித்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. அரைமணி நேரத்தில் ஒரு கிண்ணம் சாமந்திப்பூ கஷாயம் கொண்டுவந்து கொடுத்து, கண்வலிக்கு நல்லது என்று ஜாடை காட்டினாள். நானே குடித்தேன். எனக்குக் கண்வலி ஒன்றும் வரவில்லை.

வியாழக்கிழமைக் கப்பல் என்று முடிவாயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் ஆயர் ஈத்தாமிலிருந்து சவரி அண்ணன் வந்தார். நாகப்பட்டினத்துப் பக்கத்துக்காரர், கப்பல் சீட்டு எடுத்துக் கொடுப்பவர்.

"என்னா தம்பி, திங்கக்கெழம காலையில சீட்டு போட்டுரட்டா? அப்பறம் எடம் இல்லன்னா என்னைய ஏசக்கூடாதுலா."

"போடுங்கண்ணே" என்றாள் ஆரோக்கியம் உள்ளேயிருந்து. நான் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தேன். கப்பல் எத்தனை மணிக்கு என்ற கேள்விதான் வந்தது. என் வாழ்நாளில் அது புதிது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மத்தியானம் கதவைச் சாத்தினோம். லூர்து அன்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் உள்ளே விடவில்லை. ஆரோக்கியம் கவளத்தை உதட்டருகே வைத்தாள். வாய் மூடியது. மறுபடி வைத்தாள். மறுபடியும் மூடியது. விளக்குப் புகையில் மூச்சு முட்டியது. "தின்னுடி... ஒரே வாய்... எந்தாயில்ல..." என்று ஆரம்பித்த குரல் மெல்ல மெல்ல வேறு குரலாக மாறிக்கொண்டே வந்தது. சட்டென்று அவள் கை ஓங்கியது. அப்படியே காற்றில் நின்றது. குழந்தை அந்தக் கையையே பார்த்தது, அழவில்லை, கண்ணைக்கூடக் கொட்டவில்லை. ஆரோக்கியம் அந்தக் கையால் தன் நெற்றியிலேயே அறைந்துகொண்டாள். அந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு முடிவோடு எழுந்தேன் என்று எழுத ஆசைதான். மூச்சு விடத்தான் எழுந்தேன். போய்க் கதவைத் திறந்தேன்.

என் கால்களுக்கிடையே புகுந்து லூர்து வெளியே ஓடிவிட்டாள்.

நான் பிடிப்பதற்குள் அவள் நோன்யா வீட்டு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தாள். அங்கே நோன்யாவின் பேரன் ஒரு முக்காலியில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ரிக்ஷாக்காரன் ஒருவன் வண்டியைச் சாய்த்துவிட்டுத் தன் கிண்ணத்தோடு குந்தியிருந்தான். தையற்கார பாய் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். லூர்து இவர்கள் நடுவில் போய்க் குந்தினாள். ஒரு வாய் பார்த்தாள், இன்னொரு வாய் பார்த்தாள். பிறகு நோன்யாவைப் பார்த்து வாயைத் திறந்தாள். நோன்யா பீங்கான் கரண்டியில் கஞ்சியும் ஒரு நெத்திலிக் கருவாடும் எடுத்து, பேரனுக்கு வைக்கிற வேகத்தில் அந்த வாயிலும் வைத்துவிட்டு, பாயோடு பேசிக்கொண்டிருந்த பேச்சைத் தொடர்ந்தாள்.

லூர்தின் தொண்டை அசைந்தது. விழுங்கினாள். மறுபடி வாயைத் திறந்தாள்.

"ஐயோ, எல்லாரும் பாக்குறாங்களே!" என்று ஆரோக்கியம் என் தோளுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். உண்மைதான். ரிக்ஷாக்காரன் பார்த்தான், பாய் பார்த்தார், எதிர்ப்புற மாடியிலிருந்து இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள், வழியே போன சீக்கியக் காவலாளி நின்றே பார்த்தார். "நல்லாத் தின்னுது தங்கச்சி!" என்றார் பாய், ஆரோக்கியத்தின் முகம் வெளுக்கும்படி. அதைச் சொல்லவே கூடாது அல்லவா? அவள் ஓர் அடி முன்னால் வைத்தாள். குழந்தையை வாரிக்கொண்டு உள்ளே ஓடத்தான் போகிறாள் என்று தெரிந்தது. நான் கையைப் பிடித்தேன். அவள் உதறினாள். அதற்குள் இன்னொரு கரண்டி உள்ளே போயிற்று. ஆரோக்கியம் அப்படியே நின்றுவிட்டாள். பார்க்கிற கண்களையெல்லாம் ஒருமுறை பார்த்தாள். அசைகிற அந்தச் சின்னத் தாடையை ஒருமுறை பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று உள்ளே போய், பருப்புச் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, இத்தனை நாளாக உட்காராத அந்த அஞ்சடியில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஓர் உருண்டை உருட்டினாள். மகளுக்குக் கொடுக்கவில்லை. நோன்யாவின் பேரனுக்கு நீட்டினாள். அவன் வாயைத் திறந்தான். லூர்து பதறிப்போய்க் குறுக்கே விழுந்து அதைத் தன் வாயில் வாங்கிக்கொண்டாள்.

அப்போதுதான் என் மண்டைக்கு எட்டியது. ஊரில் கதவைச் சாத்தினாலும் உள்ளே ஒரு கூட்டம் இருந்தது. இங்கே சாத்தினால் உள்ளே நாங்கள் இரண்டு பேர்தான், அதிலும் ஒருவன் குரங்கு.

சாயங்காலம் சவரி அண்ணன் மறுபடி எட்டிப் பார்த்தார். "என்னம்மா, நாளைக்கிப் போட்டுரலாம்லா?" ஆரோக்கியம் திரும்பி அஞ்சடியைப் பார்த்தாள். "இந்தக் கப்பலு போகட்டும்ணே" என்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை, கவனியுங்கள்.

அவர் போனதும் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அஞ்சடிக்குப் போனாள். பார்த்தவர்கள் காலடி மண்ணை எடுத்துச் சுற்றிப் போட வேண்டாமா? ஊரில் என்றால் இன்னார் பார்த்தார் என்று தெரியும், காலடியில் மண்ணும் இருக்கும். இங்கே தரை சிமெண்டு. பார்த்ததோ பல ஜாதி, பல பாஷை. கூட்டிக் கூட்டி ஒரு பிடி தூசி சேர்த்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த மிளகாயும் உப்பும் சேர்த்து, சிலுவை போட்டு, பெண்ணைச் சுற்றி அடுப்பில் போட்டாள். கண்ணேறு இருந்தால் நெடி வராது என்பது கணக்கு. வந்தது பாருங்கள் ஒரு நெடி! பாய் தும்மினார், எதிர்மாடி தும்மியது, நோன்யா இருமிக்கொண்டே எங்களைச் சீனத்தில் வாழ்த்தினாள். கண்ணில் நீர் வழிய ஆரோக்கியம் என்னைப் பார்த்தாள். "அப்ப யாரு கண்ணும் கெட்ட கண்ணு இல்லீங்களா?" என்றாள். அவள் குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

இப்போது வேளைக்கு வேளை கதவு திறந்திருக்கிறது. லூர்து வெளியே அஞ்சடியில் குந்திக்கொள்வாள். ஆரோக்கியம் படிக்கு இந்தப் பக்கம், நிழலில், முந்தானையால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு உட்காருவாள். சோற்றுத் தட்டு வாசற்படியின்மேல். கப்பல்கள் வருகின்றன, போகின்றன. சவரி அண்ணன் கேட்கிறார். இந்தக் கப்பல் போகட்டும் என்கிறாள். நான் எங்கே உட்காருவது என்று மட்டும் இதுவரை யாரும் சொல்லவில்லை. வெளியே போனால் தாய்க்குக் கோபம், உள்ளே வந்தால் மகளுக்கு அழுகை. ஆகவே ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று படியின்மேல் நின்றபடியேதான் சாப்பிடுகிறேன். போகிறவர் வருகிறவரெல்லாம் என்னை இடித்துக்கொண்டுதான் போகவேண்டியிருக்கிறது.