ஸ்வர்ணலதா அக்கா லைவ்ல இருக்காங்க

ஆரணியில் பட்டுச் சேலை விற்காத ஆளைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஸ்வர்ணலதா போனைப் பார்த்து விற்கிறவள். பாலமுருகனின் கடை மாடியில் வெள்ளை மெத்தை, எதிரே வட்ட விளக்கு, அதன் நடுவில் செருகிய போன். தினமும் காலையில் "வாங்க, வாங்க, சாப்டீங்களா?" என்று அந்தப் போனை விசாரிப்பாள். பதில் கோயம்புத்தூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வரும்.

ஐம்பத்திரண்டு வயசு. கல்யாணமாகி வந்ததிலிருந்து வீட்டுத் தறிக்கு நூல் சுற்றினாள். அப்புறம் இந்தக் கடைக் குடோனில் சேலை மடித்தாள். லைவுக்கு வரவேண்டிய பெண் ஒருநாள் வராமல் போக, சும்மா இவளை உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. புருஷன் பேரை வைத்து "சம்பந்தம் சம்சாரம்" என்றே கூப்பிட்டுகினு இருந்த ஊருக்கு வெளியே, யார் யாரோ அவளை "ஸ்வர்ணா அக்கா" என்றார்கள். அதில் அவளுக்குக் கொள்ளை ஆசை. கேட்டால் மட்டும், "என்னமோ, பொழுது போவுது" என்பாள்.

லைவ் காட்டும் ஆப் தன்னைப் புதுப்பித்துக்கொண்ட பிறகுதான் பேஜார். லைவ் முடிந்ததும் அதன் ஏஐ ஒரு குறிப்பு அனுப்பும். பாலமுருகன் வாசித்துவிட்டு, போனைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"என்ன தம்பி போட்டுக்குது?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சி இப்பிடிப் போவுது? படி."

படித்தான். 'விற்பவரின் தோற்றம்: ஐம்பதுக்கு மேல். இளைய முகம் இருந்தால் அதிகம் பேருக்குக் காட்டப்படும்.'

நூற்றுக்கணக்கில் பார்த்த கூட்டம், ஒரே மாசத்தில் ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்கிவிடும் அளவுக்கு இளைத்தது. அதிலும் ஒருத்தன், "ஆயா, மாத்திரை போட்டாச்சா?" என்று எழுதினான்.

"ஆச்சு ராசா. உனக்கு மாத்திரை தரட்டா, சேலை தரட்டா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கேமரா அணைந்ததும் கன்னத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கலாம்கா," என்றான் பாலமுருகன், மெத்தையைப் பார்த்து. "அப்புறம் ஜெயப்ரியாவ உக்கார வெச்சிட்டு, நீங்க பழையபடி குடோன்ல..."

பார்சல் கட்டும் ஜெயப்ரியாவுக்கு இருபது வயசு. கேமராவைப் பார்த்தால் சிரிப்பு வரும், பேச்சு வராது. "ஐயோ, நான் மாட்டேன்," என்று பதறியவள், அக்காவுக்காக ஒரு பில்டரைத் தேடிப் பிடித்தாள். தட்டியதும் கோடு, சுருக்கம் எல்லாம் வழித்துவிட்ட மாதிரி போச்சு. திரையில் ஸ்வர்ணலதாவின் தங்கச்சி இருந்தாள். அவளுக்குத் தங்கச்சியே கிடையாது.

வியாழக்கிழமை கூட்டம் குபுகுபுவென்று ஏறியது. அவளுக்கே உற்சாகம் தாங்கவில்லை. "பட்டுன்னா இப்பிடி வெச்சுப் பாக்கணும்," என்று எப்போதும் போல முந்தானையைக் கன்னத்தில் வைத்தாள்.

"ஜரிகை எங்க அக்கா?"

"மாங்கா போட்டதுன்னீங்க, பிளெயினா இருக்குதே?"

சுருக்கத்தை அழிக்க வந்த பில்டர், கன்னத்துக்குப் பக்கத்திலிருந்த ஜரிகை மாங்காயையும் சேர்த்து அழித்திருந்தது. "ஏமாத்து வேலை" என்று எழுதிவிட்டு ஒவ்வொருத்தராகக் கழன்றுகொண்டார்கள். விளக்குச் சூட்டில் அவளுக்கு முதுகெல்லாம் வேர்த்தது.

வெள்ளிக்கிழமை இட்லியை அப்படியே மூடி வைத்துவிட்டு மாடியேறினாள். மெத்தையில் ஜெயப்ரியா உட்கார்ந்திருப்பாளோ என்று கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். மெத்தை காலி. பாலமுருகன் போனைக் கீழ்ப்பக்கம் சாய்த்துகினு இருந்தான்.

"கழுத்துக்குக் கீழ மட்டும் காட்டலாம்கா. பேச்சு உங்களுது. மூஞ்சி மட்டும் வேணாம்."

சரி என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். கூட்டம் திரும்ப வந்தது. துபாயிலிருந்து ஒருத்தி, "அக்கா, எங்க இருக்கீங்க? முகத்தக் காட்டுங்க," என்று எழுதினாள். பாலமுருகன் வேணாம் என்று கையை ஆட்டினான்.

"சேலையப் பாரும்மா. என் மூஞ்சியில என்ன இருக்குது?" என்றாள் ஸ்வர்ணலதா. சொன்ன பிறகு, கையிலிருந்த அதே சேலையை இன்னொரு தரம் மடித்தாள்.

முடிந்ததும் குறிப்பு வந்தது. 'முகம் இல்லை. வயதைக் கணிக்க முடியவில்லை.'

"பொழச்சோம்கா! உங்க எடம் உங்களுக்குத்தான்!" என்று பாலமுருகன் குதித்தான். குதித்த வேகத்தில் அடுத்த வரியையும் வாய்விட்டுப் படித்துத் தொலைத்தான். 'விரைவில் குரலை வைத்தும் வயது கணிக்கப்படும்.'

ஜெயப்ரியா ஒரு டம்ளரில் வெந்நீர் கொண்டுவந்து நீட்டினாள். ஸ்வர்ணலதாவுக்குச் செருமணும் போல் இருந்தது. போன் இன்னும் அவன் கையில் வெளிச்சமாக இருந்தது. அதற்குக் கேட்டுவிடுமோ என்று, செருமலை வெந்நீரோடு சேர்த்து விழுங்கினாள்.