திருப்பித் தருவதா, அழிப்பதா

பொலிஸார் மீது வரும் முறைப்பாடுகளை விசாரிக்கும் பொதுமக்கள் ஆணையம் ஒன்று, இரண்டு வருடத்துக்கென்று ஒரு தற்காலிகக் குழுவை அமைத்தது. அதில் நானும் ஒருத்தி. ஒஸ்லோவில் காரணமில்லாமல் வழிமறித்துச் சோதிக்கப்பட்டவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதுவது எங்கள் வேலை. அறிக்கையைக் கொடுத்தாயிற்று. இனிக் குழுவைக் கலைக்க வேண்டும்.

கையெழுத்துப் போட்டுவிட்டு எழும்பி வந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். தலைவியான ஓய்வுபெற்ற நோர்வேஜிய ஆசிரியை ஒரு பட்டியலை நீட்டினார். வாக்குமூலம் தந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, வாக்குமூலத் தாளைத் திருப்பித் தருவதா, அழிப்பதா என்று கேட்க வேண்டுமாம். தமிழர்கள் என் பங்கு.

முதலில் ஒஸ்லோவின் ஹொல்ம்லியா பகுதியில் இருக்கும் பஸ் சாரதி ஒருவர்.

"அழிச்சுவிடுங்கோ தங்கச்சி. வீட்டுக்கு மட்டும் அனுப்பிப்போடாதேங்கோ. மனிசிக்குத் தெரியாது."

ஒரு குளிர்கால விடியலில், வேலைக்குப் போகும் வழியில், ரயில் நிலையத்தடியில் இரண்டு பொலிஸார் அவரை மறித்திருந்தார்கள். பையைப் பனியில் கொட்டச் சொன்னார்கள். சாரதிச் சீருடையைப் பார்த்து, "யாருடைய உடுப்பு இது?" என்று கேட்டார்கள். இதை எனக்குச் சொன்ன அன்று அவர் அழவில்லை. அந்தக் கேள்விக்கு வந்ததும் ஜாக்கெட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்து மூடினார்.

அழிப்பதற்கு நேரில் வந்து ஒப்பமிட வேண்டும். நேரம் குறிக்க நான் திரும்ப அழைத்தபோது போனை எடுத்தது அவர் மனைவி. ஒரு கையெழுத்து விஷயம் என்று மட்டும் சொன்னேன். மறுநாள் அவரும் மனைவியான அந்த அக்காவும் வந்தார்கள்.

"என்ன பேப்பர்?" என்று அக்கா கேட்டார்.

நான் சாரதியைப் பார்த்தேன். "குடுங்கோ, வாசிக்கட்டும்" என்றார்.

நான் தமிழில் எழுதிய இரண்டு பக்கம். அக்கா மெதுவாக வாசித்தார்.

"இதுக்குப் பிறகுதானோ ரயிலை விட்டிட்டு பஸ்ஸிலை சுத்திப் போகத் தொடங்கினனீங்கள்?"

"ஓம்."

"பஸ்ஸிலை ஓசியிலை போகலாம் எண்டு நான் பகிடி பண்ணினனான். ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ ஒவ்வொரு விடியவும் யன்னலிலை நிப்பாய்."

"இப்ப மட்டும் நிக்கிறேல்லையோ?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மேசைக்கு மேலாலேயே அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் எழும்பிப் போயிருக்க வேண்டும். ஆனால் அங்கேயே இருந்தேன்.

பிறகு அக்கா என்னிடம் கேட்டார், "பொலிஸ் என்ன சொன்னது?"

வருத்தம் தெரிவித்து வந்த இரண்டு வரிக் கடிதத்தைக் காட்டினேன்.

"இவ்வளவுதானோ?"

"இவ்வளவுதான் அக்கா" என்றேன். சொல்ல வெட்கமாக இருந்தது.

சாரதி பேனாவை எடுத்துப் படிவத்தில் 'அழிக்கவும்' என்ற இடத்துக்குக் கொண்டுபோனார். அக்கா அவர் மணிக்கட்டில் விரலை வைத்தார்.

"வேண்டாம். எங்கடை வீட்டிலை இருக்கட்டும்."

தாளை உறையில் போட்டுக் கொடுத்தேன். அக்கா உறையைத் திருப்பித் தந்துவிட்டு, தாளை மட்டும் மடித்துக் கைப்பையில் வைத்தார். தலைவி கோப்பி கொண்டுவந்தார். நான்கு பேரும் குடித்தோம்.

அவர்கள் ரயிலில் போகப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் பட்டியலை எடுத்து, அடுத்திருந்த, பியோர்ண்டால் பகுதியில் இருக்கும் பெண்ணின் இலக்கத்தை அழுத்தினேன்.