காப்பி வறுத்த அண்ணாச்சி பொடியை விட்டது

1. புகையடிக்கிற இடம்

வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி என் பேரைக் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் நின்ற எங்கள் ஊர்க்காரி தங்கம்மை, "இசக்கியம்மையாக்கும் முதலாளி. நாக்கை நாகர்கோவில்லயே வச்சிட்டு வந்துட்டா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்கு ஊமைச்சி என்று பேர்.

ஆரியசாலைக் கடைத்தெருவில் அது ஒரு காப்பிக்கொட்டைக் கடை. முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் வறுவல். பெண்கள் நாங்கள் முறத்தில் கொட்டையைப் பரப்பிக் கல்லும் கறுப்பும் பொறுக்குவோம். வறுக்கிற டிரம்முக்குப் பக்கத்தில் புகையடிக்கும், அங்கே உட்கார யாருக்கும் இஷ்டமில்லை. முடியாது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லாததால் அந்த இடம் எனக்கு வந்தது.

டிரம் என்பது இரும்பு உருளை. கீழே விறகு எரியும், கையால் சுற்ற வேண்டும். சுற்றுகிறவர் ஆண்டியப்பன் அண்ணாச்சி. கொட்டை படபடவென்று பொரிந்து, பச்சை வாடை போய், மணம் திரும்புகிற நேரம் ஒன்று உண்டு. அப்போது இறக்கிவிட வேண்டும். முந்தினால் புளிப்பு, பிந்தினால் கரி. எல்லாம் மூக்கு வேலை.

அந்த மூக்கில்தான் அண்ணாச்சிக்கு வம்பு. புகையில் மூக்கு அடைக்கும், மூக்குப்பொடி போட்டால் திறக்கும் என்று அந்தக் காலத்து வறுவல்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. அண்ணாச்சி போட்டுப் போட்டு மூக்கு மரத்தே போயிருந்தது.

2. தேங்காய்

ஒருநாள் கோட்டைப் பக்கத்து அக்ரகாரத்திலிருந்து சமையல்கார ஐயர் பொட்டலத்தோடு வந்து முன்கடையில் சத்தம் போட்டார். "ஓய், நீர் குடுத்தது காப்பிப்பொடியா, அடுப்புக்கரியா? ஆத்துல மாமா ஒரு வாய் குடிச்சுட்டு டம்ளரைத் தள்ளிட்டார்!"

முதலாளி பின்பக்கம் வந்தார். கோபத்தில் அவர் குரல் இறங்கிவிடும், அதுதான் பயம். "ஏம்வே ஆண்டியப்பா, பழகின மனுசன்னு பாக்கேன். இன்னொரு தடவை கரிஞ்சுதுன்னா நீரு டிரம்மைத் தொட வேண்டாம். மூட்டை தூக்கப் போயிரும்."

அண்ணாச்சிக்கு அப்போதே நடுமுதுகில் பிடிப்பு. மூட்டை தூக்கினால் ஒரு மாதம் தாங்கமாட்டார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலமே பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துப் பொடியை விட்டதாகச் சத்தியம் செய்தார். அந்த வாரமே சத்தியத்தை மீறினார். மீறினதற்குப் பிராயச்சித்தமாக இன்னொரு தேங்காய். பிறகு புதுச் சத்தியத்துக்கு ஒன்று.

"பொடியை விடாதேயும் அண்ணாச்சி, தேங்காக் கடைக்காரன் பட்டினி கிடப்பான், கேட்டோ" என்பாள் தங்கம்மை.

3. முறத்தில் தட்டியது

ஒரு காலை டிரம்மில் வாடை மாறுவது எனக்குத் தெரிந்தது. அண்ணாச்சி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தார். கத்தத் தைரியம் வரவில்லை. முறத்தை ஓங்கித் தட்டினேன். அவர் திடுக்கிட்டுத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார், உடனே இறக்கினார். கொட்டை தப்பியது.

"தாயி, நீ தட்டு, நான் இறக்குதேன்" என்றார். அப்படியே நடந்தது. சரக்கைப் பற்றி ஒரு புகாரும் வரவில்லை. முதலாளிக்குச் சந்தோஷம்.

ஆனால் நான் ஒன்றைக் கவனித்தேன். எனக்கு மூக்கு இருக்கிற தைரியத்தில் அண்ணாச்சி முன்னைவிட அதிகமாகப் பொடி போட ஆரம்பித்தார். தேங்காய் உடைப்பதையும் விட்டுவிட்டார். எனக்கு ஒருநாள் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு இவர் கதி என்ன என்று யோசித்தேன். நான் செய்த உதவியே அவரைக் கெடுக்கிறது என்று பட்டது.

மறுநாள் டிரம்மை ஏற்றுவதற்கு முன் சொல்லிவிட்டேன். "அண்ணாச்சி, மடியில பொடி டப்பா இருக்கும்வரை நான் தட்டமாட்டேன்."

எனக்கே என் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. தங்கம்மை முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். அண்ணாச்சி, "ஊமைச்சி பேசிட்டாவே!" என்று சிரித்தார். நான் சும்மா சொல்கிறேன் என்று நினைத்து டிரம்மை ஏற்றினார்.

நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுற்றச் சுற்ற அவர் என்னைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது, ஆனாலும் தட்டவில்லை. கரிந்துவிடும் என்ற பயத்தில் ரொம்ப முந்தியே இறக்கிவிட்டார். கொட்டை பாதி பச்சை. முதலாளி கண்டபடி ஏசினார். அண்ணாச்சி நினைத்திருந்தால் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். "எம் பெசகுதான் முதலாளி" என்று மட்டும் சொன்னார்.

4. கிடையாது

அடுத்த நாள் பொடி டப்பாவைக் கொண்டுவந்து என் முறத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "இது இனிமே ஒங்கிட்ட இருக்கட்டும். நான் கேட்டாலும் குடுக்காத."

இதில் நான் எதிர்பார்க்காத கஷ்டம் என்னவென்றால், அவர் கேட்கிறபோதெல்லாம் நான் வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும்.

"இசக்கி, ஒரு சிமிட்டா பொடி."

"கிடையாது."

"தலை வெடிக்குடீ."

"கிடையாது அண்ணாச்சி."

"நீ நல்லா இருப்பியா?"

"இருப்பேன். கிடையாது."

அந்த நாட்களில் அவருக்கு ஓயாத தும்மல், கண்ணில் நீர், எரிச்சல். நான் தட்டினேன், அவர் இறக்கினார். மழைக்காலம் முழுவதும் இப்படிப் போயிற்று.

பிறகு ஒரு மத்தியானம் சுற்றுகிற கையை நிறுத்திவிட்டு, "தங்கம்மை, ஒஞ் சட்டியில தீயலா?" என்றார். தங்கம்மை தூக்குச்சட்டியை இன்னும் திறக்கவே இல்லை. அவள் மூடியைத் திறந்து காட்டினாள், உள்ளே தேங்காய் வறுத்து அரைத்த தீயல் குழம்புதான். மறுநாள் அண்ணாச்சி, "எம் பொஞ்சாதி வைக்குற ரசத்துக்கு இப்படி ஒரு வாசம் உண்டுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்று பெண்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வாரத்தில் ஒருநாள் முறத்தைத் தட்டக் கையை ஓங்கினேன். அதற்குள் அவர் இறக்கிவிட்டார். சல்லடையில் கொட்டை ஒரே நிறமாக விழுந்தது. ஓங்கின கையை நான் மெல்ல இறக்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் அவர் தினம் ஒரு தடவை பொடி கேட்பார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "அதுதான் விட்டாச்சே, ஏன் அண்ணாச்சி இன்னும் கேக்கீங்க?" என்றேன்.

"எனக்கா கேக்கேன்? கேக்காம விட்டா நீ மறுபடி ஊமையாயிருவியே, தாயி" என்றார்.

சத்தியம் செய்வது லேசு. பிள்ளையார் எத்தனை தடவையும் மன்னித்துவிடுவார். நம்மிடமிருந்து ஒன்றை எதிர்பார்த்து ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மனது தானாக வளைகிறது. வேலைக்குப் போகிற பெண்பிள்ளைகளுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். எதையாவது விட வேண்டுமென்றாலும், புதிதாகப் பழக வேண்டுமென்றாலும் தனியாக நின்று முயலாதீர்கள். பக்கத்து முறத்துக்காரியிடம் சொல்லிவையுங்கள்.