மாரிக்கு ஒரு மெரூன் கோட்டு

மட்டக்களப்பில் என்ன பெரிய குளிர் என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்களுக்கு ஒரு சேலையை உடுத்திவிட்டு, கார்த்திகை மாதக் காலையில் நாவற்குடாவிலிருந்து குருக்கள்மடம் வரை ஸ்கூட்டியில் வரவைத்து, அங்கே பாதையில் ஏற்றிவிட வேண்டும். வாவியைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். மழை மறைப்பு என்று சொல்ல அதில் ஒன்றும் கிடையாது. வாடைக்காற்று நேரே சேலைக்குள் புகுந்து மறுபக்கத்தால் போகும்.

அக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணிதம் படிப்பிக்கிறேன். கரையில் இறங்கும்போது கொசுவம் முழங்கால் வரை நனைந்திருக்கும். அது பள்ளிக்கூடம் விடும்வரை உடம்பிலேயே கிடந்து காயும். வருடா வருடம் மாரி தொடங்கினால் எனக்கு இருமலும் தொடங்கிவிடும். பனி விழும் நாட்டுக் குளிர் இல்லைதான் இது. ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு கரும்பலகைக்கு முன்னால் நின்று பார்த்தவர்களுக்குத்தான் இந்தக் குளிர் தெரியும்.

எனக்கு வடிவாக உடுக்கப் பிடிக்கும். இதைச் சொல்ல ஏன் வெட்கப்பட வேண்டும்? கைபேசியைத் திறந்தால் குளிர்கால உடுப்பு வீடியோக்கள்தான் வந்து விழுகின்றன. அதில் ஒருத்தி சேலைக்கு பிளவுஸுக்குப் பதிலாகக் கழுத்து மூடிய, முழுக்கை வைத்த கம்பளிச் சட்டையைப் போட்டு, மேலே நீளக் கோட்டு ஒன்றை மாட்டி, இடுப்பில் பட்டி கட்டியிருந்தாள். காலில் கணுக்கால் வரை பூட்ஸ். அடடா, இது குருக்கள்மடத்துப் பாதைக்கென்றே தைத்த உடுப்பு என்று எனக்குப் பட்டது.

கறுப்புக் கம்பளிச் சட்டை டவுனில் அகப்பட்டது. கோட்டு காத்தான்குடியில் ஒரு கடையில் மூலையில் தொங்கியது. நல்ல மெரூன் நிறம், முழங்கால் வரை நீளம், பெரிய பொத்தான்கள். கடைக்காரர் சிரித்தார். "நுவரெலியாக் குளிருக்கா போறீங்க டீச்சர்?"

"இல்ல, பாதையில போறன்" என்றேன்.

முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு வாவியைக் கடந்தபோது எனக்குப் பாட்டு வந்தது. காற்று என்னைச் சுற்றிச் சுற்றி வந்து ஏமாந்து போனது. சேலையைக் கொஞ்சம் உயர்த்தி உடுத்தியிருந்ததால் சேலைக்கரையும் நனையவில்லை. இவ்வளவு காலமும் ஏன் இந்த யோசனை வரவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அதிபர் பள்ளிக்கூட விறாந்தையில் நின்றார். தடித்த சுவெட்டர், முழங்காலுக்கு மேலே கால்களைச் சுருட்டிய களுசான், ரப்பர் செருப்பு. மழை நாளில் ஆண்களுக்கு அது வெறும் வசதி. யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

"என்ன டீச்சர், லண்டனுக்கா வெளிக்கிட்டீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். ஈரச்சேலையோடு நடுங்கிக்கொண்டு நின்ற ஆசிரியைகளும் சேர்ந்து சிரித்தார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

"டீச்சர்மார் சாறிதான் உடுக்கணும். அது ஒழுங்கு" என்றார் அதிபர்.

"சாறிதானே சேர் உடுத்திருக்கன்."

"கோட்டால மூடினா சாறி எண்டு எப்பிடித் தெரியும்? புள்ளையள் பாத்து என்ன பழகும்? உள்ளுக்குக் கோட்டு வேணாம்."

அவருடைய மயிர் முளைத்த கெண்டைக்காலைப் பார்த்தேன். வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டுக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

பதினோராம் ஆண்டு வகுப்பு. நாடு முழுக்க நடக்கும் சாதாரண தரப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. கணக்கைப் பலகையில் எழுதிவிட்டு, எப்போதும் முதல் ஆளாகக் கை உயர்த்தும் பிள்ளையைக் கூப்பிட்டேன். அவள் எழும்பவில்லை. புத்தகப் பையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தாள். அவள் மட்டுமில்லை, தூரத்திலிருந்து வரும் பெண்பிள்ளைகள் எல்லோருமே அப்படித்தான் இருந்தார்கள்.

"என்ன மகள், தெரியாதா?"

அவள் பெடியன்கள் இருந்த பக்கத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

வெள்ளைச் சீருடை. வட்டை ரோட்டால், வயல்களுக்கு நடுவே மழையில் சைக்கிள் மிதித்து வந்திருக்கிறாள். அந்தத் துணி நனைந்தால் போட்டிருப்பதும் ஒன்றுதான், போடாததும் ஒன்றுதான். அவளுக்குக் கணக்கு தெரியும். எழும்பி நடக்கத்தான் முடியவில்லை.

கோட்டைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். அவள் பொத்தான்களைப் பூட்டி, பட்டியையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, நேராக நடந்து வந்து கணக்கைச் செய்தாள். "டீச்சர், அடுத்தது நான்" என்று பின்னால் இரண்டு மூன்று குரல்கள் கேட்டன. வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக இருந்தது.

அதற்குள் அதிபர் வாசலில் வந்து நின்றார்.

"ஆரது கலர் உடுப்போட? கழட்டு."

அவளுடைய கை பொத்தானுக்குப் போனது.

"கழட்டாத மகள்" என்றேன். அவரிடம், "சேர், புள்ள நல்லா நனைஞ்சிருக்கு" என்றேன்.

"அவ்வளவு வெக்கமெண்டா வீட்டில நிண்டிருக்கலாமே."

என் வாழ்க்கையில் அப்படி ஒரு கோபம் வந்ததில்லை. "அப்ப நீங்களும் களுசான இறக்கி விட்டுட்டு வாங்க சேர். இஞ்ச பொம்புளப் புள்ளையள் இருக்காங்க."

பெடியன்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர் முகம் கறுத்துப் போய்த் திரும்பிவிட்டார்.

இடைவேளையில் ஓர் ஆசிரியை என் பக்கத்தில் வந்து, "புள்ளையளுக்கு முன்னால அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாதுகா" என்றாள். அதிபர் பிள்ளையிடம் சொன்னது பற்றி அவளுக்கு ஒன்றும் இல்லை.

அடுத்த காலைக் கூட்டத்தில் அதிபர் பெரிய மனது பண்ணி அறிவித்தார்: பிள்ளைகள் மழைக்கு சுவெட்டர் போடலாம், வெள்ளை நிறத்தில் மட்டும். வெள்ளை சுவெட்டரைத் தேடி நான் டவுனில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கைக்குழந்தைகளுக்குத்தான் இருந்தது. வட்டைக்கு அப்பால் இருக்கிற பிள்ளை அதை எங்கே போய் வாங்கும்? அறிவிப்பும் ஒழுங்கு, அவர் பேரும் நல்ல பேர், பிள்ளைகள் பழையபடி பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

கோட்டைப் போட்டுக் கணக்குச் செய்த பிள்ளையின் கதிரை மட்டும் வெறுமையாக இருந்தது. வெயில் அடித்தால் வந்தாள், மழை பெய்தால் வரவில்லை. பரீட்சை கிட்டக் கிட்ட மழையும் கூடியது. பக்கத்தில் இருப்பவளைக் கேட்டேன்.

"சேர்தானே டீச்சர் வீட்டில நிக்கச் சொன்னவர்" என்றாள்.

பள்ளிக்கூடம் விட்டதும் கோட்டை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். தனியாகத்தான் இருந்தாள், மடியில் கணிதப் புத்தகம். இதைப் போட்டுக்கொண்டு வா, கேட்டால் நான் தந்ததென்று சொல் என்றேன். அவள் கோட்டைத் தடவிப் பார்த்தாள்.

"நல்ல வடிவு டீச்சர். ஆனா இதப் போட்டாலும் எல்லாரும் என்னத்தான் பாப்பாங்க. போடாட்டியும் என்னத்தான் பாப்பாங்க."

கோட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். பாதையில் நின்று தெப்பமாக நனைந்தேன். யாரோடாவது சண்டை பிடிக்க வேண்டும் போல இருந்தது.

மறுநாளும் விடாத மழை. வேளைக்கே போய்ப் பள்ளிக்கூட வாசலில் நின்றேன், கோட்டில்லாமல், கால்வரை ஒட்டிய ஈரச்சேலையோடு, அவருடைய ஒழுங்குப்படி. அதிபர் வந்தார், களுசானைச் சுருட்டிக்கொண்டு.

"உள்ள போங்க டீச்சர். மழையில ஏன் நிக்கிறீங்க?"

நான் அசையவில்லை. வட்டை ரோட்டில் தூரத்தில் மெரூன் நிறம் ஒன்று தெரிந்தது. பக்கத்தில் அவர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பாதி சாத்தியிருந்த இரும்புக் கேற்றை இரண்டு கையாலும் பிடித்து அகலத் திறந்தேன்.