மந்திரியின் காலும் பதிவு நம்பரும்

போன புதன்கிழமை என் தம்பி கடையில் ஒரு பாட்டிலைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

தம்பி சிவாவின் கடை நோர்வூட் பஜாரில் இருக்கிறது. புண்ணாக்கு, தவிடு, கோழித்தீன், மண்வெட்டிப் பிடி... தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு வேண்டிய சாமான் எல்லாம் கிடைக்கும். கல்லாவுக்கு மேலே சாமி படம். பக்கத்து ஆணியில் கோயிலில் பூஜைக்கு வைத்து எடுத்துவந்த கறுப்புக் கயிறுகள் கொத்தாகத் தொங்கும். கன்றுக்கோ குட்டிக்கோ தீனி வாங்க வருகிறவர்களுக்கு, "திருஷ்டி படாம இருக்கட்டும்" என்று ஒன்றைச் சும்மாவே கொடுப்பான். அப்பா காலத்திலிருந்து வருகிற பழக்கம்.

அன்றைக்கு அந்தச் சாமி படத்துக்கு முன்னால் பாட்டில் ஒன்று நின்றது. கழுத்தில் மாலை இல்லாத குறைதான். சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்தாகியிருந்தது.

"என்னடா இது?"

"நாய்க்கு டொனிக் அக்கா. புதுச் சரக்கு. இந்தப் பக்கம் முழுக்க நான்தான் ஏஜென்சி எடுக்கப் போறேன்."

பாட்டிலைக் கொண்டுவந்தவரும் அங்கேதான் நின்றார். சட்டைக்கு மேலே கழுத்துப்பட்டி கட்டிய வாலிபர். நோர்வூட் மழையில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வருகிறவரைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? எனக்கு நல்லதாக எதுவும் தோன்றாது. வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்கு என் குணம் தெரியாததா!

பாட்டிலை எடுத்துத் திருப்பினேன். லேபிளில் ஒரு வெள்ளைக்கார நாய் பல்லைக் காட்டிக்கொண்டு பாய்கிறது. கீழே ஆங்கிலத்தில், எலும்புக்கும் மூட்டுக்கும் துணை செய்யும் சத்து என்று அடக்கமாகப் போட்டிருக்கிறது. சரி. அதன் மேலேயே தமிழில் தனியாக ஒரு ஸ்டிக்கர். 'நொண்டல், வாதம், வீக்கம் – பூரண குணம்!' ஒரே பாட்டில், ஆங்கிலத்தில் பேசும்போது பூனை, தமிழில் பேசும்போது புலி! நமக்குச் சொல்லும்போது மட்டும் ஏன் இப்படித் தைரியம் வந்துவிடுகிறது?

சிங்களத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. கொண்டுவந்து விற்பது யார் என்று விலாசம் இல்லை. முடியும் தேதி இருக்க வேண்டிய இடத்தில் மசிக் கறை.

"பதிவு நம்பர் எங்க தம்பி?" என்று அந்த வாலிபரைக் கேட்டேன்.

"மேடம், இது மருந்து இல்லையே. சத்து. சத்துக்கு எதுக்கு நம்பர்?"

"அப்ப பூரண குணம்னு எதுக்குப் போட்டிருக்கீங்க?"

"அது... கஸ்டமருக்கு வெளங்கணும்ல மேடம்."

சிவாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அக்கா, ஒனக்கு தண்ணியக் குடுத்தாலும் மோந்து பாத்துட்டுத்தான் குடிப்ப. யாவாரம் பண்ற எடத்துல வந்து நிக்காத, போ."

போயிருப்பேன். அந்த நேரம் பார்த்து புஷ்பம் வந்தாள்.

புஷ்பம் மேல் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். புருஷன் கொழும்பில் கடை வேலை. அவளுடைய லயத்து வரிசை வீடு காட்டோரம். விடியும் முன்பே கிளம்பி, பனிக்குள் ஒற்றையடிப் பாதையில் மலைக்குப் போக வேண்டும். இரண்டு மாதமாக அங்கே சிறுத்தைப்புலி நடமாட்டம். அவளுக்கு முன்னால் நடந்து, குரைத்து, வழி சரி என்று சொல்கிறவன் ஒருவன்தான். அவளுடைய நாய்.

பெயர் மந்திரி. "தேவையான நேரம் கூப்பிட்டா மட்டும் வரமாட்டான், அதான் அந்தப் பேரு" என்று சிரிப்பாள். ஒரு வயசுகூட ஆகவில்லை. கன்னங்கரேல் என்று, கரடிக்குட்டி மாதிரி அடர்ந்த முடி.

அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

"மொதலாளி, மந்திரி பின்னங்காலத் தூக்கிக்கிட்டே திரியிறான். அட்டை கடிச்ச வீக்கம்னு மஞ்சளும் எண்ணெயும் பூசப் போனேன். தொடவே விடல, கடிக்க வாறான். நொண்டி நாயத்தான் புலி மொதல்ல தூக்கும்னு லயத்துல எல்லாரும் சொல்றாங்க. ஏதாச்சும் மருந்து இருக்காங்க?"

சிவா வாயைத் திறப்பதற்குள் கழுத்துப்பட்டி முந்திக்கொண்டார். "இருக்கு அக்கா! இதக் குடுங்க. இது வெறும் சத்து இல்ல. மருந்து!"

கேட்டீர்களா? என்னிடம் சத்து, அவளிடம் மருந்து. இடையில் ஒரு கொட்டாவி விடுகிற நேரம்கூடப் போகவில்லை!

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "புஷ்பம், ஒரு வயசு நாய்க்கு வாதமா வரும்? நாளைக்கு மந்திரிய ஆஸ்பத்திரிக்கிக் கொண்டு வா. டொக்டர் சரின்னா நானே வாங்கித் தாறேன்" என்றேன். சிவா என்னை முறைத்தான். நான் அந்தப் பாட்டிலையும் கைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

ராத்திரி முழுக்க உறுத்தல்தான். ஒருவேளை அந்த டொனிக் நல்லதாகவே இருந்து, என் சந்தேகத்தால் ஒரு நாள் வீணாகி, அந்த ஒரு நாளில் புலி வந்துவிட்டால்? சந்தேகப்படுகிறவளுக்குத் தன் சந்தேகத்தின் மேலும் சந்தேகம் வரும். அது ஒரு வியாதி.

மறுநாள், மத்தியானக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, மந்திரியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள் புஷ்பம். சாக்கில் சுற்றியிருந்தாள். தலை மட்டும் வெளியே. நிஜ மந்திரி மாதிரியே யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான்.

அரசாங்க மிருக வைத்தியர் ஒரு சிங்களப் பெண். நன்றாகத் தமிழ் பேசுவார். நான் நாயைக் காட்டுவதற்கு முன்னால் பாட்டிலைத்தான் நீட்டினேன். அவ்வளவு ஆத்திரம் எனக்கு.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். நான் விளங்கிக்கொண்ட அளவில் சொல்கிறேன். சத்து என்று விற்றாலும் சும்மா விற்க முடியாது. மிருகம் சாப்பிடுகிற பொருளைச் செய்கிறவரோ, இறக்குகிறவரோ அதைப் பதிவு செய்ய வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது, எப்போது முடிகிறது, யார் பொறுப்பு என்பதெல்லாம் பாட்டிலில் தெரிய வேண்டும். நோயைக் குணமாக்கும் என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டால் அது சத்து இல்லை, மருந்து. அதற்கு வேறு அனுமதி. விற்கிற கடைக்கும் அனுமதி வேண்டும்.

"தம்பி கடையில இது இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குங்க... நேத்துத்தான் வந்திச்சி."

"பிரிக்காம திருப்பி அனுப்பச் சொல்லுங்க. புடிச்சா ஏஜெண்டைப் புடிக்க மாட்டாங்க. கடைக்காரரைத்தான் புடிப்பாங்க."

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? பரீட்சையில் முதலாவது வந்த மாதிரி! பார்த்தாயாடா சிவா என்று மனசுக்குள்ளேயே தம்பியை நாலு குட்டு குட்டினேன்.

"சரி, நாய்க்கு என்ன?" என்றார் டொக்டர்.

அட, நாயை மறந்தே போனேன்.

பன்டேஜ் துணியால் மந்திரியின் வாயைக் கட்டினார்கள். புஷ்பம் தலையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். டொக்டர் பின்னங்காலின் முடியை விரலால் விலக்கினார். நாற்றம் குப்பென்று அடித்தது. இன்னும் விலக்கினார். வீக்கத்துக்கு மேலே, கத்தியால் கீறிய மாதிரி காலைச் சுற்றி ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் சதையோடு சதையாக ஏதோ கறுப்பாக.

"அனே பவ்..." என்று அவர் வாய் முணுமுணுத்தது. ஐயோ பாவம் என்கிறார். கத்தரிக்கோலின் நுனியை உள்ளே விட்டு வெட்டி, இடுக்கியால் மெதுவாக இழுத்தார்.

கயிறு. கறுப்புக் கயிறு.

"இது யாரு கட்டினது?"

புஷ்பம் கயிற்றை அடையாளம் கண்டுகொண்டாள். "நான்தாங்க மிஸ். குட்டியா இருக்கப்ப, பால்மா வாங்க வந்தப்போ மொதலாளி குடுத்தாரு. கழுத்துல கட்டுனா தேயிலை வாதுல மாட்டிக்குமேன்னு காலுல கட்டுனேன். அதுக்கப்புறம் முடி மூடிருச்சி... நான் மறந்தே போய்ட்டேங்க." சொல்லிவிட்டு மந்திரியின் தலையில் முகத்தை வைத்து அழ ஆரம்பித்துவிட்டாள். "கண்ணு படக்கூடாதுன்னு கட்டுனேனேடா... நானே ஒன் காலக் கட்டிப் போட்டுட்டேனேடா..."

நாய் வளர்ந்தது. கயிறு வளரவில்லை. அவ்வளவுதான் நோய்.

காலைக் காப்பாற்றிவிடலாம் என்றார் டொக்டர். புண்ணைக் கழுவி, ஊசி போட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்தார். "டொனிக்கைக் குடுத்துட்டு, கேக்கும் கேக்கும்னு பாத்துக்கிட்டு இருந்திருந்தா காலை எடுத்திருக்கணும்" என்றும் சொன்னார். புஷ்பம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் தடுக்காட்டி அக்கா..." என்றாள். எனக்குப் பெருமையடிக்க வாய் வரவில்லை. அந்தக் கயிறு எங்கள் கடை ஆணியில் தொங்கியது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மந்திரி இப்போது மூன்றரைக் காலில் நடக்கிறான். புஷ்பத்துக்கு முன்னால்தான் நடக்கிறான். குரலுக்கு ஒரு குறையும் இல்லை.

சிவா பெட்டியோடு பாட்டில்களைத் திருப்பி அனுப்பிவிட்டான். கழுத்துப்பட்டியின் போன் இப்போது மணி அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை. தம்பியிடம் கயிற்றைப் பற்றி மெல்லப் பேச்செடுத்தேன்.

"அது சாமி விஷயம் அக்கா. அதுல போய்க் குத்தம் கண்டுபிடிக்காத" என்றான் சட்டென்று. கொஞ்ச நேரம் தராசைத் துடைத்தான். பிறகு ஆணியிலிருந்த கொத்தைப் பார்த்துக்கொண்டே, "இனிமே குடுக்கிறப்ப, படுக்கிற எடத்துக் கம்புல கட்டுங்கன்னு சொல்றேன்" என்றான். அவனுடைய மன்னிப்பு அவ்வளவுதான் வரும். எனக்கு அது போதும்.

யோசித்துப் பாருங்கள். வெளியூர்க்காரன் கொண்டுவந்த பாட்டிலை எவ்வளவு சந்தேகப்பட்டேன்! சந்தேகப்பட்டதும் சரிதான், இனியும் சந்தேகப்படுவேன். நம்பர் இல்லாத பாட்டிலைக் கண்டால் நீங்களும் விடாதீர்கள். ஆனால் தம்பி கொடுத்தது, கோயிலில் இருந்து வந்தது, பாசத்தோடு கட்டியது என்றால், முடியை விலக்கிப் பார்க்கக்கூட நமக்குக் கை வருவதில்லையே. சந்தேகம் நம்மிடம் ஏராளமாக இருக்கிறது. எல்லாம் வாசலுக்கு வெளியிலிருந்து வருகிறவனுக்கு மட்டும்தான்.

இதை எழுதும்போதுதான் என் மணிக்கட்டைப் பார்க்கிறேன். சிவா கட்டிவிட்ட கறுப்புக் கயிறு... எத்தனை வருஷமோ! நான் என்ன, இனி வளரவா போகிறேன் என்று சிரித்துக்கொண்டே அடியில் விரலை விட்டுப் பார்த்தேன்.

விரல் நுழையவில்லை.