தண்ணிக்கு ரெண்டு ராத்தல்

இலங்கையின் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் பெரியாயி பதினொரு வருஷமாக ஆயா. தாய்மார் கொழுந்தெடுக்கப் போனதும் இருபது குழந்தைகள் அவள் பொறுப்பு; இடுப்பில் ஒன்று, முதுகில் ஒன்று, முந்தானையைப் பிடித்தபடி ஒன்று. கஞ்சியோடு அவித்த பாசிப்பயறும் கொடுக்கவேண்டும் என்று இரண்டு வருஷம் கெஞ்சி, 1957இல்தான் துரையைச் சம்மதிக்க வைத்தாள். பயறு கொடுக்கத் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. புதிதாக வந்த மருந்துக்கார ஐயா பரமலிங்கம் குறுக்கே வந்தார். யாழ்ப்பாணத்தவர்.

“பிள்ளையளுக்குத் தோடம்பழம், அதான் ஒரேஞ்சுப் பழம், வேணும். பிபிலையில இருந்து பஸ்ஸில எடுப்பிக்கலாம். துரை ஏதாவது ஒண்டுக்குத்தான் ஓம் எண்டுவார்.”

“அப்ப பயறுங்க?”

“நிப்பாட்ட வேண்டியதுதான்.”

“பழம் நாக்குக்குங்க ஐயா. பயறு காலுக்கு. அத தின்ன புள்ள ஓடுற ஓட்டம் என்னால புடிக்க முடியல.”

அவர் சிரித்துக்கொண்டே புத்தகத்தை விரித்தார். “நிறைக்கு நிறை பாத்தால் பயறில நாலில ஒரு பங்கு புரதம். பழத்தில முக்கால்வாசிக்கு மேல தண்ணி. ஆனா அந்தத் தண்ணியிலதான் விட்டமின் சி கிடக்கு. காய்ஞ்ச பயறில அது இல்லையெண்டே சொல்லலாம். பத்துப் பேருக்குப் பழம், பத்துப் பேருக்குப் பயறு. ஒரு மாசம் பாப்பம்.”

கொழுந்து நிறுக்கும் தராசில் சாக்குத் தூளி கட்டி, எல்லாப் பிள்ளைகளையும் அவரே நிறுத்து எழுதினார். மாதம் முடிந்து மறுபடி நிறுத்தபோது, பழம் தின்ற பத்துப் பேர் முடிந்ததும் கையை வெட்டிக்கொண்ட ஒருவரைப் பார்க்க அவர் ஓடவேண்டி வந்தது. மற்றப் பத்துப் பேரையும் கணக்கப்பிள்ளை வீரசிங்கம் நிறுத்தார்.

திரும்பி வந்து பார்த்தால், பழம் தின்றவர்கள் அரை ராத்தல் கூடியிருந்தார்கள். பயறு தின்றவர்கள் ஆளுக்கொரு ராத்தல் குறைவு.

பெரியாயி, பயறு தின்ற குட்டி ராசம்மாவைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். “இவளச் சொமந்து சொமந்து என் இடுப்பே ஒரு பக்கமாச் சாஞ்சிருச்சுங்க. கொறஞ்சிருந்தா இடுப்புக்குத் தெரியாதா? இன்னொரு தரம் போடுங்க!”

முள் இருபத்திநான்கில் நின்றது. “இருபத்திரெண்டு!” என்று கூவினார் வீரசிங்கம்.

“இருபத்திநாலுல்ல நிக்குது?”

“தண்ணிக்கு ரெண்டு ராத்தல் கழிக்கணுமில்ல…” என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கொழுந்தின் ஈரத்துக்கென்று கூடைக்கு இரண்டு ராத்தல் கழித்தே இருபது வருஷமாக நிறுத்த வாய்.

மத்தியானக் கொழுந்தோடு நின்ற பெண்கள் கூடையைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். “ஏங்க கணக்கப்பிள்ள, புள்ளைய மழையிலயா பறிச்சுக்கிட்டு வந்தோம்?”

“அப்புடியே எங்க ரெண்டு ராத்தலையும் திருப்பிப் போடுங்க!”

அந்தச் சிரிப்பைக் கேட்டு ராசம்மாவும் சிரித்தாள். சிரித்தபடியே தூளியை நனைத்தாள்.

“இப்பக் கழிங்க,” என்றாள் பெரியாயி.

கழித்ததையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஆளுக்கொரு ராத்தல் கூடியிருந்தது. பரமலிங்கம் துரைக்குப் பயறென்று எழுதப் போனார். பெரியாயிதான் தடுத்தாள்.

“பழம் தின்ன புள்ளைகளுக்கு ஈறுல ரத்தம் வாறது நின்னுருச்சுங்க. அத மறைக்க மனசு வரல.”

“அப்ப என்ன செய்யிறது? ஒண்டுதானே கேக்கலாம்?”

“எங்க லயத்து வீடுங்களுக்குப் பின்னால எலுமிச்ச காய்ச்சுக் கொட்டுது. அதுவும் அந்தப் புளிப்புத்தானுங்களே?”

“தேசிக்காயோ! அது தோடம்பழத்துக்குச் சொந்தக்காரனெல்லோ!”

“அப்ப தொரைகிட்ட பயற மட்டும் கேளுங்க.”

மறுநாள் பெரியாயி ஆறிய பயறில் எலுமிச்சை பிழிந்தாள். ஒரு வாய் தின்ற ராசம்மா முகத்தைச் சுளித்துக் கண்ணை இறுக மூடினாள். பிறகு கிண்ணத்தை மறுபடி நீட்டினாள்.