சல்லடை அக்காவின் கை

மண் பரிசோதனை நிலையத்தில் இருபது வருடமாக மண் சலிப்பவளுக்குச் ‘சல்லடை அக்கா’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. சலித்துச் சலித்தும் சலிக்காதவள். ஒரு பிடி மண்ணைக் கையில் வாங்கினாலே அது எங்கே எடுத்தது என்று சொல்லிவிடுவாள்.

ஒருநாள் தக்காளி விவசாயி ஒருவர் பை நிறைய மண் கொண்டுவந்தார். கறுப்பாக, பொலபொலவென்று இருந்தது. அக்கா அள்ளினாள். விரலில் வைக்கோல் துணுக்கு ஒட்டியது.

“அண்ணே, இது மாட்டுக்கொட்டகை ஓரத்து மண்ணுதானே?”

அவர் நெளிந்தார். “நம்ம வயலு ஃபெயில்னு வந்துடக் கூடாதில்ல, அதான் நல்லதாப் பார்த்து எடுத்தேன்.”

“உங்களுக்குக் காய்ச்சல் வந்தா மச்சான் ரத்தத்தையா டெஸ்ட்டுக்குக் குடுப்பீங்க?”

மறுநாள் மண்வெட்டியோடு அவர் வயலுக்கே போய்விட்டாள். பத்து இடத்தில் தோண்டியும் ஒரு மண்புழுகூட இல்லை. மண் செங்கல்லாக இறுகி, வேர் விரல் நீளத்துக்கு மேல் இறங்கவில்லை. மூட்டை மூட்டையாக உரம் போட்டும் செடி மஞ்சளாக நின்றது அதனால்தான்.

“செடிக்குச் சோறு போட்டுட்டு மண்ணைப் பட்டினி போட்டிருக்கீங்க. கொட்டகையில குவிஞ்சு கிடக்கிற சாணத்தையும் தழையையும் இங்க கொண்டாங்க.”

மூன்று வருடம் கழித்து அவர் மறுபடி வந்தார். அக்கா அள்ளிப் பார்த்து முறைத்தாள்.

“மறுபடியும் கொட்டகை மண்ணா?”

“இல்லம்மா, நடு வயலுல எடுத்தது.”

நம்பாமல் போய்த் தோண்டினாள். பத்துக் குழியிலும் அதே கறுப்பு மண்.

இருபது வருடத்தில் அவள் கை ஏமாந்தது அந்த ஒரு தடவைதான். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.